தூங்கினால் காசு, வாசித்தால் நஷ்டம்

2014 மார்ச் மாதம் அமெரிக்காவில் வல்ஃப்பெக் என்ற பேண்ட் ஓர் ஆல்பம் வெளியிட்டது. பெயர் ஸ்லீப்பிஃபை. மொத்தம் பத்து டிராக். ஒவ்வொன்றும் அரை நிமிஷத்தைவிட ஒன்றிரண்டு செகண்டு கூட. பத்திலும் சத்தம் என்பதே கிடையாது. டிரம்ஸ் இல்லை, பேஸ் இல்லை, பாடுகிற ஆள் இல்லை. சுத்த அமைதி. அதை ஸ்பாட்டிஃபையில் ஏற்றிவிட்டு ரசிகர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தார்கள்: ராத்திரி தூங்கப் போகும்போது இதை ரிப்பீட்டில் போட்டுவிட்டுத் தூங்குங்கள், வருகிற காசில் டிக்கெட் இல்லாமல் கச்சேரி நடத்துகிறோம், எந்த ஊரில் அதிகம் ஓடுகிறதோ அந்த ஊருக்கு வருகிறோம்.

இதில் என்ன தந்திரம்னு கேட்பீங்க. ஸ்பாட்டிஃபையில் ஒரு டிராக் 30 செகண்டு ஓடினால்தான் ஒரு ஸ்ட்ரீம் என்று கணக்கு, அதற்குத்தான் காசு. நாலு நிமிஷப் பாட்டும் ஒரு ஸ்ட்ரீம்தான், 32 செகண்டு அமைதியும் ஒரு ஸ்ட்ரீம்தான். எட்டு மணி நேரத் தூக்கம் என்றால் 28,800 செகண்டு. 32-ஆல் வகுத்தால் 900. ஒரு ஸ்ட்ரீமுக்குத் தோராயமாக அரை சென்ட் என்று வைத்தாலும் ஒரு ரசிகர், ஒரு ராத்திரி, நாலரை டாலர்.

ரசிகர்கள் விசுவாசமாகத் தூங்கினார்கள். ஏப்ரல் கடைசியில் ஸ்பாட்டிஃபை அந்த ஆல்பத்தைத் தூக்கிவிட்டது. ஆனால் அதுவரை சேர்ந்த சுமார் 20,000 டாலர் பேண்டின் கைக்கு வந்தது. சொன்னபடி அந்த வருஷமே சில நகரங்களில் இலவசக் கச்சேரி நடத்தினார்கள்.

நம்ம டிபார்ட்மென்ட் ஆட்களிடம் இந்தக் கதையைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். "செம லூப்ஹோல்டா" என்பார்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. பிறகு வேறொன்று உறுத்த ஆரம்பித்தது. இவர்கள் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இசை படித்த பசங்க. நிஜமாகவே பிரமாதமாக வாசிப்பவர்கள். அப்படிப்பட்டவர்கள் ஸ்ட்ரீமிங்கில் சில வாரத்தில் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒரு தொகை பார்க்க, வாசிக்காமல் இருக்க வேண்டியிருந்தது.

இதையெல்லாம் நான் ஏன் நோண்டினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் காலேஜ் பேண்டில் ஐந்து பேர். நான் கீபோர்ட். கூடவே கணக்குப்பிள்ளை, அதாவது ஜாம் ரூம் வாடகை, கல்ச்சுரல்ஸ் பரிசுப் பணம், ஆட்டோ சார்ஜ் எல்லாம் ஒரு ஷீட்டில் எழுதி வைப்பவன். எங்களில் நாலு பேர் பிளேஸ்மென்ட்டுக்குப் பதிவு செய்துவிட்டோம். பேஸ் கிடார் வாசிப்பவன் மட்டும் செய்யவில்லை. முழு நேரமாக இதையே செய்யப் போகிறானாம். அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது அவங்க அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்கள்: "நீதான் கணக்கெல்லாம் பார்ப்பியாமே தம்பி. இதுல சோறு கிடைக்குமாப்பா?" நான் "பார்த்துட்டுச் சொல்றேம்மா" என்றேன். பார்த்த கணக்குதான் இது.

முதலில் ஆப் விஷயத்தை முடித்துவிடுவோம். நீங்க மாசம் கட்டுகிற நூத்துச் சொச்சம் ரூபாய் நீங்க கேட்கிற ஆளுக்குப் போகிறது என்று நினைத்தால் அது தப்பு. ஹாஸ்டல் மெஸ்ஸில் டிவைடிங் சிஸ்டம் இருக்கிறதே, கிட்டத்தட்ட அது மாதிரி. எல்லோர் காசும் ஒரே குண்டானில் விழும். நிறுவனத்தின் பங்கு போக மீதியை, அந்த மாதம் மொத்தம் ஓடிய ஸ்ட்ரீமில் யாருக்கு எத்தனை சதவீதம் என்று பார்த்துப் பிரிப்பார்கள். நீங்க மாசம் பூரா தயிர் சாதம் மட்டும் சாப்பிட்டாலும் உங்க காசில் பெரும்பகுதி பிரியாணி மாஸ்டருக்குத்தான் போகும், ஏன்னா ஊரே பிரியாணி சாப்பிடுது. 2021-ல் சவுண்ட்கிளவுட் இதை மாற்றி, அவரவர் காசு அவரவர் கேட்ட கலைஞருக்கே போகிற மாதிரி ஒரு முறையைத் தன்னிடம் நேரடியாகப் பாட்டு ஏற்றுகிற சின்னக் கலைஞர்களுக்குக் கொண்டுவந்தது. பெரிய ஆப்கள் அந்தப் பக்கம் போகவில்லை. 2024-லிருந்து ஸ்பாட்டிஃபையில் இன்னொரு விதி: கடந்த 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீமாவது ஓடாத டிராக்குக்குப் பாட்டுப் பதிவுக்கான காசே கிடையாது. எங்கள் பேண்டின் இரண்டு பாட்டும் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் நிம்மதியாகத் தூங்குகின்றன.

சரி, அப்போ முன்னாடி மட்டும் என்ன வாழ்ந்தது? ஆல்பம் விற்ற காலம் ஒன்று இருந்தது உண்மை. அமெரிக்காவில் 1999-ல் பதிவிசை வியாபாரம் சுமார் 1,460 கோடி டாலர். அந்த வருஷம்தான் நேப்ஸ்டர் வந்து எம்பி3 ஊர் பூரா பரவியது. 2014-க்கு வரும்போது வியாபாரம் பாதிகூட இல்லை. நம்ம ஊர் கதை கொஞ்சம் வேறு. இங்கே எம்பி3 வருவதற்கு முன்னாடியே ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. எங்க அப்பா ஒரு பேப்பரில் பன்னிரண்டு பாட்டு எழுதிக் கொடுத்து, 60 நிமிஷ காலி கேசட்டில் பதிந்து வாங்கி வருவாராம். அந்த லிஸ்ட் பேப்பர் இன்னும் கேசட் பெட்டிக்குள் மடித்துக் கிடக்கிறது. காசு கடைக்காரருக்குப் போனது. பாடியவருக்கும் வாசித்தவருக்கும் எழுதியவருக்கும் அதில் பத்துப் பைசா கிடையாது. அப்புறம் செல்போன் வந்ததும் அதே அப்பா காலர் டியூனுக்கு மாதம் 30 ரூபாய் மறு பேச்சில்லாமல் கட்டினார். கேசட் வாங்காதவர், தான் கேட்கவே போகாத ஒரு பாட்டுக்கு, போன் பண்ணுகிற அடுத்தவர் கேட்பதற்காக, காசு கொடுத்தார். யோசித்துப் பார்த்தால் சிரிப்பாக இருக்கிறது. அதிலும் பெரும்பங்கு செல்போன் கம்பெனிக்குத்தான். ஆனால் ஒன்று புரிகிறது. ஜனங்க பாட்டுக்குக் காசு கொடுக்க மாட்டாங்கன்னு சொல்வது சரியில்லை. காப்பிக்குக் கொடுக்க மாட்டார்கள். பாட்டோடு ஒட்டிக்கொண்ட வேறு ஏதோ ஒன்றுக்குக் கொடுப்பார்கள்.

அந்த வேறு ஏதோ ஒன்றை நல்லா விற்றவர்கள் உண்டு. ரேடியோஹெட் 2007 அக்டோபரில் தங்கள் இன் ரெயின்போஸ் ஆல்பத்தை இணையத்தில் போட்டு, விலைக் கட்டத்தைக் காலியாக விட்டார்கள். நீங்களே நிரப்புங்கள், பூஜ்யம் போட்டாலும் பரவாயில்லை என்று. அடுத்து அதே ஆல்பம் சிடியாக வந்தபோது பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது. ஐந்து மாதம் கழித்து நைன் இன்ச் நெயில்ஸ் இதைவிடக் கணக்காகச் செய்தது. கோஸ்ட்ஸ் என்ற 36 டிராக் தொகுப்பு. முதல் ஒன்பது இலவசம். முழுசும் டவுன்லோட் 5 டாலர். இரண்டு சிடி 10 டாலர். படப் புத்தகம் போன்ற பெட்டி 75 டாலர். கையெழுத்துப் போட்ட பெரிய பெட்டி 300 டாலர், உலகத்துக்கே 2,500 பெட்டி மட்டும். அந்த 2,500-ம் விற்றுத் தீர்ந்தது. பெருக்கிப் பாருங்கள்: 7,50,000 டாலர். காதில் விழுகிற இசை 5 டாலர்க்காரருக்கும் 300 டாலர்க்காரருக்கும் ஒன்றேதான்.

இந்த இரண்டு கதையையும் எங்க பேஸ்காரன் மனப்பாடமாகச் சொல்வான். ஆனால் ஒன்றை மறந்துவிடுகிறான். இரண்டு பேருமே பெரிய கம்பெனி லேபிளின் காசில் பல வருஷம் விளம்பரம் பெற்று, உலகம் பூரா பேர் வாங்கிய பிறகு இதைச் செய்தவர்கள். கூட்டம் ஏற்கெனவே வாசலில் நின்றது. கதவை எப்படித் திறப்பது என்பதில்தான் புதுமை. நமக்குக் கூட்டமே இல்லையே.

கூட்டம் இருந்தாலும் காசு யார் யாருக்குப் போகும் என்பது தனிக் கேள்வி. அமாண்டா பால்மர் 2012-ல் கிக்ஸ்டார்ட்டரில் ஆல்பத்துக்காக ஒரு லட்சம் டாலர் கேட்டார். கிட்டத்தட்ட 25,000 பேர் சேர்ந்து 11,92,793 டாலர் கொடுத்தார்கள். லேபிள் இல்லை, இடைத்தரகர் இல்லை, ரசிகரிடமிருந்து நேராகக் கலைஞருக்கு. எல்லோரும் கொண்டாடினார்கள். அப்புறம் டூர் கிளம்பும்போது, போகிற ஊரில் உள்ள வயலின், ட்ரம்பெட் வாசிப்பவர்கள் மேடையில் வந்து சேர்ந்து வாசிக்கலாம் என்று அறிவிப்பு வந்தது. சம்பளம் கிடையாது. பீர் உண்டு, கட்டிப்பிடிப்பு உண்டு. இசைக்கலைஞர்கள் கொதித்துவிட்டார்கள். கடைசியில் அவர்களுக்கும் காசு கொடுப்பதாகப் பால்மர் சொன்னார். இந்தக் கதையில் எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. ஆனால் பக்கவாத்தியக்காரன் என்ற முறையில் ஒரு விஷயம் மனதில் தைத்தது. பணம் நேராக வந்தாலும் அது மைக் பிடித்தவர் வரைக்கும்தான் நேராக வருகிறது. கீபோர்ட் மூலைக்கு வர அங்கிருந்து இன்னொரு பயணம்.

இப்போது உண்மையான கணக்குக்கு வருகிறேன். ஜாக் கான்டே, நட்டாலி டான் என்று ஒரு ஜோடி. பேண்டின் பெயர் பாம்பிளமூஸ். பிரெஞ்சில் அது ஒரு பழம். நம்ம பம்பளிமாஸும் அந்தப் பெயரின் சொந்தக்காரன்தான். யூடியூபில் வீடியோ போட்டே பெயர் வாங்கியவர்கள். 2014-ல் அமெரிக்காவில் 28 நாள், 23 நகரம், 24 கச்சேரி என்று ஒரு டூர் போனார்கள். நிறைய இடத்தில் அரங்கு நிறைந்தது. திரும்பி வந்ததும் ஜாக் கான்டே யாரும் செய்யாத ஒன்றைச் செய்தார். மொத்த வரவு செலவையும் பொதுவில் எழுதிவிட்டார். நம்ம புராஜெக்ட் ரிப்போர்ட்டில்கூட இவ்வளவு நேர்மை இருக்காது.

வரவு: டிக்கெட் 97,519 டாலர். டி-ஷர்ட், சிடி மாதிரி பொருள்கள் விற்றது 29,714. ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் ஸ்பான்சர் 8,750. மொத்தம் 1,35,983 டாலர். ஒரு மாதத்தில். இந்த இடத்தில் நிறுத்திவிட்டால் நாங்கள் ஐந்து பேரும் நாளைக்கே காலேஜை விட்டுவிடுவோம்.

செலவு: விளக்கு, வாடகைக் கருவிகள், வேன், டிரெய்லர் எல்லாம் சேர்த்து 26,450. தங்குமிடம், சாப்பாடு 17,589. பெட்ரோல், விமான டிக்கெட், பார்க்கிங், டோல் 11,816. இன்சூரன்ஸ் 5,445. கூட வந்து வாசித்தவர்கள், வேலை பார்த்தவர்களின் சம்பளமும் படியும் 48,094. டி-ஷர்ட் தயாரிப்பு, விளம்பரம், அனுப்பும் செலவு வகையறா 21,945. ஏஜென்ட், வக்கீல், மேனேஜர் கமிஷன் 16,463. கூட்டினால் 1,47,802 டாலர். நஷ்டம் 11,819.

நான் இதை எங்கள் ஷீட்டில் ஏற்றி, கச்சேரிக் கணக்காக வகுத்துப் பார்த்தேன். ஒரு கச்சேரிக்கு டிக்கெட் வரவு சுமார் 4,063. செலவு சுமார் 6,158. ஆக, கச்சேரியை அதிகமாக்கினால் லாபம் வரும் என்று நினைத்தால் நஷ்டம்தான் அதிகமாகும், செலவின் கட்டமைப்பை மாற்றாதவரை. அடுத்து, 'மெர்ச்சன்டைஸ் விற்றால் பிழைத்துக்கொள்ளலாம்' என்று எல்லோரும் சொல்கிறார்கள். 29,714-க்கு விற்றார்கள், சரி. அதைத் தயாரித்து அனுப்புகிற செலவு விளம்பரச் செலவோடு சேர்த்து 21,945. கையில் நின்றது 7,800-க்கும் குறைவு. 28 நாள் தெருத்தெருவாகப் பெட்டி தூக்கியதற்கு.

அந்தக் கணக்கைப் படித்த பல பேர் அவரைத் திட்டினார்கள். எதற்கு இவ்வளவு விளக்கு? எதற்கு இத்தனை ஆள்? மலிவான இடத்தில் தங்கியிருக்கலாமே? பாதி நியாயம்தான். ஆனால் செலவில் பெரிய வரி எது என்று பாருங்கள். 48,094, மற்றவர்களின் சம்பளம். பீரும் கட்டிப்பிடிப்பும் கொடுத்திருந்தால் இந்த டூர் அமோக லாபம். சம்பளம் கொடுத்ததால் நஷ்டம். கான்டே அதை நஷ்டமாகவே பார்க்கவில்லை, அடுத்த டூருக்குப் போட்ட முதலீடு என்று எழுதினார். அந்த விளக்கத்தை நான் முழுதாக நம்பவில்லை. ஆனாலும் சம்பள வரியில் கை வைக்காத மனுஷனை எனக்குப் பிடித்துப்போனது.

சரி, நஷ்டத்தோடு அவர்கள் எப்படிப் பிழைத்தார்கள்? அங்கேதான் கதையின் இன்னொரு பாதி இருக்கிறது. முந்தைய வருஷம், 2013-ல், கான்டே ஒரு பாட்டு வீடியோவுக்காக ரோபோ எல்லாம் செய்து, ஸ்டார் வார்ஸ் விண்கலத்தின் காக்பிட் மாதிரி செட் போட்டு, சேமிப்பைக் கரைத்திருந்தார். யூடியூப் விளம்பரக் காசு அந்தச் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது என்று அவருக்குத் தெரியும். ஸ்டான்ஃபோர்டில் தன்னோடு ஒரே ரூமில் இருந்த சாம் யாமிடம் போய் ஒரு யோசனை சொன்னார். ஆம், ஹாஸ்டல் ரூம்மேட். ரசிகர்கள் ஒவ்வொரு வீடியோவுக்கும் ஆளுக்கு ஒரு டாலர், இரண்டு டாலர் என்று கொடுப்பதாக முன்கூட்டியே எழுதி வைத்தால் என்ன? அதுதான் பேட்ரியான். டூர் நடந்த சமயத்தில் பாம்பிளமூஸுக்கு அதில் ஒரு வீடியோவுக்கு சுமார் 6,300 டாலர் வந்துகொண்டிருந்தது. மாதம் இரண்டு வீடியோ. ஆக வீட்டிலேயே உட்கார்ந்து இரண்டு வீடியோ எடுத்தால் 12,600. ஊர் ஊராகப் போய் வாசித்தால் மைனஸ் 11,819.

'ஆல்பம் போனால் என்ன, கச்சேரியில் சம்பாதிக்கலாம்' என்பது எங்கள் பேண்டின் தாரக மந்திரமாக இருந்தது. இந்தக் கணக்குக்குப் பிறகு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கச்சேரி என்பது வருமானம் என்பதைவிட, வருமானம் தருகிற ஆட்களைச் சம்பாதிக்கிற இடம்.

பேண்ட்கேம்ப் பற்றியும் ஒரு வார்த்தை. 2008-லிருந்து இருக்கிறது. கலைஞரே தன் பாட்டை நேராக விற்கலாம், டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் அவர்களுக்கு. கொரோனாவில் கச்சேரி எல்லாம் நின்றபோது 2020 மார்ச் 20 அன்று, 'இன்று ஒரு நாள் எங்கள் பங்கு வேண்டாம்' என்று அறிவித்தார்கள். அந்த ஒரே நாளில் ஜனங்கள் 43 லட்சம் டாலருக்கு வாங்கினார்கள். காசு கொடுக்கிற மனசு ஆட்களிடம் இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஆனால் 2022-ல் அதை ஒரு கேம் கம்பெனி வாங்கியது. 2023-ல் வேறொரு கம்பெனிக்கு விற்றுவிட்டது. வேலை செய்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வேலை போயிற்று. அடுத்தவன் திண்ணையில் கடை போடலாம். திண்ணை நம்முடையது என்று நினைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இனி நம்ம ஊர். இங்கே பாட்டு என்றால் பெரும்பாலும் சினிமாப் பாட்டு. முன்பெல்லாம் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு மொத்த உரிமையையும் எழுதிக் கொடுத்துவிடுவதுதான் வழக்கம். 2012-ல் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. தியேட்டரில் படத்தோடு ஓடுவதைத் தவிர்த்து மற்ற வழியில் அந்தப் பாட்டு பயன்படும்போது வருகிற ராயல்டியில் அவர்களுக்குச் சம பங்கு, அந்த உரிமையை எழுதிக் கொடுத்தாலும் செல்லாது என்று ஆக்கினார்கள். நல்ல விஷயம். பாடகர்களுக்கும் கலைஞர்களுக்குமான ராயல்டிக்கும் அந்தத் திருத்தம் வழி செய்தது. ஆனால் எங்க பேஸ்காரன் மாதிரி ஓர் ஆள் சொந்தமாகப் பாட்டுப் போட்டு அந்தக் கதவு வரை போக இன்னும் எத்தனையோ வருஷம்.

இப்போதைக்கு அவனுக்கு வருகிற காசு வேறு விதம். கல்யாண ரிசப்ஷன் ஆர்கெஸ்ட்ராவில் வாசித்தால் ஒரு ராத்திரிக்கு 2,000 ரூபாய். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பட்ஜெட் குறைந்தால் ஆர்கெஸ்ட்ராவில் முதலில் வெட்டு விழுவது பேஸ் கிடாருக்குத்தான். கீபோர்ட்காரர் இடது கையில் சமாளித்துவிடுவார், இல்லை டிராக்கில் போட்டுவிடுவார்கள். அந்தக் கீபோர்ட்காரன் சில நேரம் நானேதான். அதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. அடுத்து, ஆன்லைனில் மூன்று பசங்களுக்கு பேஸ் சொல்லிக் கொடுக்கிறான். ஆளுக்கு மாதம் 1,200. யூடியூபில் விளம்பரக் காசு வர 1,000 சப்ஸ்கிரைபரும் வருஷத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். ஆயிரம் தாண்டிவிட்டான், மணி நேரம் பாதியில் நிற்கிறது.

கெவின் கெல்லி என்ற எழுத்தாளர் 2008-ல் ஒரு கணக்கு சொன்னார். ஒரு கலைஞருக்கு ஆயிரம் உண்மையான ரசிகர்கள் போதும். ஆளுக்கு வருஷம் 100 டாலர் கொடுத்தால் ஒரு லட்சம் டாலர், ராஜா மாதிரி வாழலாம். அழகான கணக்கு. நம்ம ஊருக்கு மாற்றிப் பாருங்கள். ஒரு கல்லூரி மாணவர் ஒரு பேண்டுக்கு வருஷம் 300 ரூபாய் கொடுத்தாலே பெரிய மனசு. ஆயிரம் பேர் கொடுத்தால் மூன்று லட்சம். ஐந்து பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு மாதம் 5,000. ஜாம் ரூம் வாடகை கழிக்காமல். கேம்பஸில் கிடைக்கும் சாதாரண பேக்கேஜ் மூன்றரை லட்சம் என்று வைத்துக்கொண்டால், ஐந்து பேருக்கும் அது கிடைக்க 5,833 பேர் வேண்டும். எங்களை இதுவரை மேடையில் நேரில் பார்த்தவர்களை எல்லாம் சேர்த்தாலும் அவ்வளவு வருமா என்பது சந்தேகம். அதிலும் பாதிப் பேர் ப்ரோ-ஷோவுக்கு இடம் பிடிக்க வந்தவர்கள்.

இந்தக் கணக்கை ஐந்து பேருக்குப் போடாமல் ஒரே ஆளுக்குப் போட்டுப் பார்த்தேன். அப்போதுதான் வல்ஃப்பெக் திரும்ப ஞாபகம் வந்தது. தூக்க ஆல்பம் விளம்பரத்துக்குச் செய்த வேடிக்கை என்று வைத்தாலும், அதற்கப்புறம் அவர்கள் செய்ததுதான் கவனிக்க வேண்டியது. லேபிள் இல்லை, மேனேஜர் இல்லை. ஒரு ரூமில் எல்லோரும் உட்கார்ந்து ஒரே மூச்சில் வாசித்து, சாதாரண கேமராவில் எடுத்து, யூடியூபில் போட்டார்கள். ஆல்பத்துக்கு ரசிகர்களிடம் முன்கூட்டியே காசு வாங்கினார்கள். எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கவும் இல்லை. 2019 செப்டம்பர் 28 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் டிக்கெட் முழுசும் விற்றுத் தீர்ந்த கச்சேரி செய்தார்கள். பாம்பிளமூஸைவிட இவர்கள் நல்ல இசைக்கலைஞர்களா என்பது ரசனை விஷயம். செலவு விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. வருமானம் பெருகும் வரை செலவைப் பெருக விடவில்லை.

எங்க பேஸ்காரனின் ஒரு வருஷக் கணக்கை இப்படித்தான் போட்டேன். வகுப்பு 43,200. ரிசப்ஷன் வருஷத்துக்கு முப்பது என்று வைத்தால் 60,000. மற்ற சில்லறை சேர்த்தாலும் ஒன்றேகால் லட்சத்தைத் தாண்டவில்லை. ஸ்ட்ரீமிங் வரியில் பூஜ்யம். பாட்டு விற்ற வரியில், எங்கள் கல்லூரி சீனியர் ஒருவர் பாசத்தில் அனுப்பிய 500 ரூபாய். செலவுப் பக்கத்தில் பேஸ் ஸ்ட்ரிங் செட், நெட், பஸ், ரூம் வாடகை.

அதை எடுத்துக்கொண்டுபோய் அவங்க அம்மாவிடம் காட்டினேன். தையல் மெஷின் மேலேயே பேப்பரை விரித்து வைத்து வரி வரியாகப் படித்தார்கள். "மாசா மாசம் ஒரே மாதிரி வராதும்மா. ஆடியிலயும் மார்கழியிலயும் கல்யாணம் இருக்காது, அப்போ ரிசப்ஷன் காசும் இருக்காது" என்றேன். அந்த வரிக்குத்தான் பயப்படுவார்கள் என்று நினைத்திருந்தேன். "ஆடியில எனக்கும்தான் பிளவுஸ் தைக்க யாரும் வர மாட்டாங்க. அதுக்குத் தகுந்த மாதிரி வெச்சுக்கணும்" என்றார்கள். அவர்கள் விரல் நின்றது வேறொரு வரியில், ரூம் வாடகையில். "இது எதுக்கு? வீட்டுல இருந்துட்டே பாடம் எடுக்க முடியாதா?" ஜாக் கான்டேயைத் திட்டிய இணையக் கூட்டம் முழுசும் சேர்ந்து சொன்னதை அந்தம்மா ஒரே கேள்வியில் கேட்டுவிட்டார்கள்.

ரூம் வாடகை வரியை அடித்தோம். இரண்டு வருஷம் என்று பேசி முடிவாகியிருக்கிறது. அவன் ஊரிலேயே இருப்பான், முகூர்த்த நாளில் ஆர்கெஸ்ட்ரா, மற்ற நாளில் வகுப்பும் சொந்தப் பாட்டும். நாங்கள் நாலு பேர் வேலையில் சேர்ந்த மாதத்திலிருந்து ஆளுக்கு 500 ரூபாய் யுபிஐயில் அனுப்புவதாகச் சொன்னோம். மாதம் 2,000, ஒரு ரிசப்ஷன் காசு. சும்மா வாங்க மாட்டேன் என்றான். பேட்ரியான் மாதிரி வைத்துக்கொள்ளலாம் என்று அவனே ஒரு தாளில் எழுதி நாலு பேரிடமும் கையெழுத்து வாங்கினான்: மாதக் கடைசிக்குள் ஒரு புதுப் பாட்டின் ரெக்கார்டிங் எங்கள் வாட்ஸ்அப் குரூப்புக்கு வரும். வரவில்லை என்றால் அந்த மாதம் காசு கிடையாது. நாலாவது பாயிண்டாக, ஒரு டிராக் குறைந்தது இரண்டு நிமிஷமாவது இருக்க வேண்டும், அதில் சத்தமும் இருக்க வேண்டும் என்று நான் சேர்த்தேன்.